நம் நகரின் பெயரைச் சுமக்கும் குருவி
சிவப்புச் சில்லையை இனம் காண ஒரு பாடம்

பிழைப்புக்காக அகமதாபாத்துக்கு வந்து, இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே வேரூன்றிவிட்ட நம் குடும்பங்களுக்கு இந்த ஊரின் பெருமைகள் பல தெரியும். துணி ஆலைகள், சபர்மதி ஆசிரமம், காங்கரியா ஏரி என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். ஆனால், உலகப் பறவை நூல்கள் அனைத்திலும் இந்நகரின் பெயர் ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயராக நிலைத்துவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆங்கிலேயர் அக்குருவியை 'அவடவாட்' என்கிறார்கள். அதன் விஞ்ஞானப் பெயர் 'அமண்டாவா அமண்டாவா'. இரண்டுமே அகமதாபாத் என்ற சொல் அந்நியர் நாவில் சிதைந்து உருவானவை. 1670களில் சூரத்திலும் பம்பாயிலும் இருந்த ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கில வைத்தியர், அகமதாபாத்திலிருந்து வரும் செந்நிறமும் வெண்புள்ளியும் கொண்ட சிறு பறவைகளைப் பற்றியும், கூண்டுக்கு ஐம்பதாக அடைபட்ட அவை கூடிப் பாடுவதைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில், 1758-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. ஆக, இந்தக் குருவிக்குப் பெயர் வந்தது அது வாழ்ந்த நாணற்காட்டினால் அல்ல, அதை விற்ற சந்தையினால். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தச் சந்தைக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தமிழில் இதைச் சிவப்புச் சில்லை என்கிறோம். இந்திக்காரர் 'லால் முனியா' என்பர். தினை, சாமை, புல்விதை போன்ற சிறு தானியங்களைக் கொறித்து வாழும் குருவிகளுக்குச் சில்லை என்றும் தினைக்குருவி என்றும் நம்மிடம் பொதுப்பெயர் உண்டு. லின்னேயஸ் இதை ஐரோப்பாவின் பிஞ்ச் வகைக் குருவிகளோடு சேர்த்தார். பிற்கால அறிஞர்கள் அதைப் பிரித்து, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் பரவியுள்ள தனிக் குடும்பத்தில் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அக்குடும்பத்துப் பறவைகள் சிலவற்றுக்கு 'மெழுகு அலகு' என்று பொருள்படும் பெயர் உண்டு. தபால் பைகளுக்கு முத்திரை வைக்க உருக்கிய சிவப்பு அரக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். அலகு அப்படியே அரக்கு நிறம்.

மாறாததில் தொடங்குங்கள்

பறவை பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் நிறத்தைத்தான் கவனிப்பார்கள். சிவப்பாக இருந்தால் சிவப்புச் சில்லை, இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று என்று முடிவு கட்டுவார்கள். இந்த வழி இந்தக் குருவியிடம் செல்லாது. ஆண்டில் பல மாதங்களில், ஒரு கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பறவைகள் சிவப்பாகவே இருப்பதில்லை.

நான் இரயில்வேயில் வேலை பார்த்தவன். தண்டவாளத்தின் மட்டம் பார்க்கும்போது எங்களுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? ஏறி இறங்கக்கூடிய எதையும் ஆதாரமாக வைத்து அளக்கக்கூடாது. பாலத்தின் சுவரிலோ கல்லிலோ செதுக்கிய பெஞ்ச் மார்க் என்ற நிலையான குறியிலிருந்துதான் அளவைத் தொடங்கவேண்டும். பறவையை இனம் காண்பதற்கும் இதே விதியைச் சொல்வேன். முதலில் மாறாத குறிகளைப் பாருங்கள். அவற்றால் இனம் தீர்மானமாகும். பிறகு மாறும் குறிகளைப் பாருங்கள். அவை ஆணா பெண்ணா, குஞ்சா முதிர்ந்ததா, எந்தப் பருவம், எந்த நாடு என்பதையெல்லாம் சொல்லும்.

சிவப்புச் சில்லையின் மாறாத குறிகள் நான்கு.

ஒன்று, அளவு. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 10 செ.மீ. நம் வீட்டுச் சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ. இருக்கும். எடையோ 10 கிராமுக்குள். பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம். அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் இந்தப் பறவை.

இரண்டு, பிட்டம். அதாவது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம். வளர்ந்த பறவை ஆணானாலும் பெண்ணானாலும், எந்த மாதமானாலும், இங்கே சிவப்பு இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது இறக்கை மூடி மறைத்துவிடும். எழும்பிப் பறக்கும் அந்த ஒரு விநாடியில் தெரியும். நான்கு குறிகளில் இதுவே தலையாயது.

மூன்று, இறக்கையில் வெண்புள்ளிகள். ஆணுக்கு மிகுதி, பெண்ணுக்குக் குறைவு. ஆனால் இருவருக்கும் உண்டு.

நான்கு, வால். கருமையானது, நுனி வட்டமாக முடிவது. வேறு சில சில்லைகளுக்கு வால் கூர்மையாக நீண்டிருக்கும்.

மாறுவது எதைச் சொல்கிறது?

இனி நிறத்துக்கு வருவோம். மழைக்காலத்தை ஒட்டி ஆண் பறவை கல்யாண உடை அணிகிறது. தலை, மார்பு, விலாப்புறம் எல்லாம் செக்கச்சிவந்து, அதன்மேல் கோலமாவு தெறித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருங்கோடு ஒன்று ஓடும். அடிவயிறு கறுத்திருக்கும். இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பியர் இதற்கு ஸ்ட்ராபெரிப் பழக் குருவி என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

பெண் பறவை மேலே தவிட்டு நிறம், கீழே வெளிறிய மஞ்சள் கலந்த சந்தன நிறம். சிவப்பு என்பது பிட்டத்திலும் அலகிலும் மட்டுமே.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தன் செவ்வாடையைக் களைந்துவிடுகிறது. அப்போது அதற்கும் பெண்ணுக்கும் வேற்றுமை காண்பது கடினம். நம் நாட்டுக் குருவிகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் ஒரே உடையில் இருப்பவை. அவற்றையே பார்த்துப் பழகிய கண், கோடையில் இதே புதரில் தவிட்டுக் குருவிகளைக் கண்டு, சிவப்புச் சில்லைகள் ஊரை விட்டுப் போய்விட்டன என்று எண்ணிவிடும். அவை எங்கும் போகவில்லை, உடைதான் மாறியிருக்கிறது.

அலகின் நிறத்தையும் முழுவதும் நம்பிவிடக்கூடாது. மே மாதத்தில் சிவக்கத் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் அடர்ந்த சிவப்பாகி, ஏப்ரல் வாக்கில் விரைவாகக் கறுத்துவிடுகிறது. மறுபடி மே மாதத்தில் சிவக்கிறது. ஆகவே ஏப்ரலில் கருத்த அலகைப் பார்த்து 'இது சிவப்புச் சில்லை அல்ல' என்று தள்ளிவிடாதீர்கள்.

குஞ்சுகள் இன்னும் சோதனை தரும். அவற்றுக்குப் பிட்டத்திலும் சிவப்பு இல்லை, அலகும் கருமை. இறக்கையில் புள்ளிகளுக்குப் பதிலாக வெளிறிய பட்டைகள் இருக்கும். தனியாக ஒரு குஞ்சைப் பார்த்து முடிவு சொல்லவேண்டாம். சற்றுப் பொறுத்திருந்தால் பெற்றோர் பக்கத்தில் வரும். இவை எப்போதும் ஜோடியாகவோ கூட்டமாகவோ இருப்பவை. ஒரே தண்டில் நெருங்கி உட்கார்ந்து ஒன்றன் இறகை மற்றொன்று கோதிவிடுவது இவற்றின் வழக்கம்.

நெருங்கிய உறவினர்கள்

ஒரே புல்வெளியில் வேறு சில்லைகளும் கலந்து மேயும். அவற்றைப் பிரித்தறியக் கீழ்க்காணும் அடையாளங்கள் போதும்.

வெண்தொண்டைச் சில்லை: குஜராத்தின் வறண்ட நிலத்தில் எங்கும் காணலாம். முட்புதர் வேலிகளில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வெளிறிய தவிட்டு நிறம், ஈயம் போன்ற சாம்பல் அலகு, வெண்மையான பிட்டம், கூரிய கரிய வால். பெண் சிவப்புச் சில்லையோடு குழப்பிக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இதுதான். பிட்டம் சிவப்பா வெள்ளையா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

புள்ளிச் சில்லை: பெயரில் புள்ளி இருப்பதால் குழப்பம் வரும். இதன் மார்பிலும் வயிற்றிலும் இருப்பவை மீன் செதில் போன்ற வரிவடிவங்கள். இறக்கையில் புள்ளி இல்லை. தலையும் முதுகும் செங்கல் கலந்த பழுப்பு. அலகு கருமை, சற்றுத் தடித்தது.

கருந்தலைச் சில்லை: கரிய தலை, நீலம் பாய்ந்த சாம்பல் அலகு, செம்பழுப்பு முதுகு. வயல் ஓரங்களிலும் நாணற்காட்டிலும் இருக்கும்.

தூக்கணாங்குருவி: இதுவும் நாணலில் கூட்டமாக இருக்கும். ஆனால் சில்லைகளைவிடப் பெரியது, முதுகில் நீளக் கோடுகள் உண்டு.

நாட்டுக்கு நாடு மாறும் உடை

தஞ்சாவூர்த் தமிழும் திருநெல்வேலித் தமிழும் ஒரே மொழிதான், ஆனாலும் கேட்டவுடன் ஊர் தெரிந்துவிடுகிறது. பரந்த நிலப்பரப்பில் வாழும் ஒரே பறவை இனத்திலும் இப்படி ஊர் வழக்குகள் உண்டாகின்றன. மலையோ கடலோ குறுக்கிட்டுக் கூட்டங்கள் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலவாமல் இருந்தால், நிறத்திலும் அளவிலும் சிறுசிறு வேற்றுமைகள் நிலைத்துவிடுகின்றன. அறிஞர்கள் இவற்றைத் துணையினம் என்கிறார்கள்.

சிவப்புச் சில்லைக்கு மூன்று துணையினங்கள். முதலாவது நம்முடையது. பாகிஸ்தான், இந்தியா, நேபாளத் தாழ்நிலம், வங்கதேசம் ஆகிய பகுதிகளில் வாழ்வது. இரண்டாவது பர்மா, தாய்லாந்து, தென்சீனம் ஆகிய இடங்களிலும், அங்கிருந்து வெகு தொலைவில் இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள் சிலவற்றிலும் உள்ளது. இதன் துணையினப் பெயருக்கு 'மஞ்சள் வயிறு' என்று பொருள். ஆண் பறவையின் வயிறு நம் பறவையைப்போல் கறுக்காமல் மஞ்சள் பாய்ந்திருப்பதே காரணம். மூன்றாவது ஜாவா, பாலித் தீவுகளிலும் இந்தோசீனத்தின் தென்பகுதியிலும் வாழ்வது. அதன் பெயருக்குச் 'செங்குருதி நிறம்' என்று பொருள். சிவப்பு கூடுதல், புள்ளிகள் சிறியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வேற்றுமைகளெல்லாம் கல்யாண உடையில் உள்ள ஆண் பறவைகளிடம்தான் தெளிவாகத் தெரியும். தவிட்டு நிறப் பெண் பறவையைப் பார்த்து இது எந்த நாட்டுப் பறவை என்று சொல்ல முயல்வது வீண்வேலை.

துணையினம் என்ற கோடு எங்கே முடிந்து தனியினம் என்ற கோடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எழும். அதற்குக் கருந்தலைச் சில்லை நல்ல உதாரணம். நம் தென்னாட்டுப் பறவைக்குத் தலை கறுப்பு, விலா தூய வெள்ளை, வயிற்றின் நடுவே கறுப்பு, முதுகு செம்பழுப்பு. மூன்று நிறமும் எடுப்பாகத் தெரியும். இமயமலை அடிவாரத்திலும் அசாம் பக்கத்திலும் உள்ளதற்கு வெள்ளையே இல்லை, விலாவும் செம்பழுப்பே. முன்பு இரண்டையும் ஒரே இனத்தின் இரு வட்டார வடிவங்களாகவே எழுதிவந்தார்கள். இன்று இரண்டு தனி இனங்களாகக் கொள்கிறார்கள். கும்பகோணத்து வயலில் பார்த்த கருந்தலைச் சில்லைக்கு வெள்ளை விலா இருந்ததே, குவாஹாத்தியில் பார்த்ததற்கு ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால், அவர்கள் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அறியுங்கள்.

ஆபு மலையின் பச்சைத் தம்பி

சிவப்புச் சில்லைக்கு இந்தியாவில் ஒரே ஒரு நேர் உடன்பிறப்பு உண்டு. அது பச்சைச் சில்லை. இதே அளவு, இதே அரக்கு அலகு. மேலே இலைப்பச்சை, கீழே எலுமிச்சை மஞ்சள், விலாவில் வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். இந்தப் பட்டைகளே இதன் பெஞ்ச் மார்க். உலகத்தில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை இது. தென் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் போன்ற பகுதிகளில் அங்கங்கே சிதறி வாழ்கிறது. நம் ஊரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்கூடத் தேவையில்லாத ஆபு மலை, இதைக் காணப் புகழ்பெற்ற இடம்.

சிவப்புச் சில்லை இன்னும் பரவலாக இருக்கிறது. பச்சைச் சில்லையின் நிலை அப்படி அல்ல. அழிவை நோக்கி நகரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் அது இடம் பெற்றுவிட்டது. கூண்டுக்காகப் பிடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கூண்டும் சாயமும்

இப்போது சந்தைக்குத் திரும்புவோம். ஃப்ரையர் காலத்திலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குருவிகள் வலையில் விழுந்து, கப்பலேறி, நாடு கடந்து போயிருக்கின்றன. கூண்டிலிருந்து தப்பியவை ஸ்பெயின், எகிப்து, பிஜி போன்ற இடங்களில் குடியேறிப் பெருகியும் இருக்கின்றன. போகும் வழியில் மடிந்தவற்றுக்குக் கணக்கில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை விற்பதைத் தடை செய்துவிட்டன. சில்லையை வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். இருந்தும் திருட்டுத்தனமாக விற்பவர் இருக்கிறார்கள். 'இது வெளிநாட்டுப் பறவை சார், சட்டத்தில் வராது' என்பார்கள். சாதாரணச் சில்லைகளுக்குப் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புச் சாயம் பூசி அபூர்வ ஜாதி என்று விற்பதும் உண்டு.

இங்கேதான் நாம் படித்த பாடம் பயன்படுகிறது. இயற்கை நிறத்துக்கு எல்லை உண்டு. இறகில் ஒரு நிறம், அலகில் ஒரு நிறம், காலில் ஒரு நிறம். சாயத்துக்கு எல்லை தெரியாது. அலகின் ஓரத்திலும் கால் விரலிலும் ஒட்டியிருக்கும், தலை முதல் வால் வரை ஒரே பூச்சாக இருக்கும். பச்சைச் சில்லை என்று காட்டினால் விலாவில் பட்டைகளைத் தேடுங்கள். இல்லையென்றால் அது சாயம். இருந்தால் அது நாட்டில் அருகிவரும் பறவை, அதை விற்பவர் இன்னும் பெரிய குற்றம் செய்கிறார். இரண்டில் எதுவானாலும் வாங்கக்கூடாது.

சிலர் இரக்கப்பட்டு, விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் விற்பவருக்கு வந்தது ரூபாய்தான். அடுத்த வாரம் அந்த ரூபாய்க்காக இன்னும் நான்கு குருவிகள் வலையில் விழும். வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே உண்மையான இரக்கம்.

ஒருவேளை யாரேனும் வளர்த்தாலும் அந்த அழகு நிலைப்பதில்லை. வெயிலும் பூச்சி உணவும் சரியாகக் கிடைக்காத கூண்டுப் பறவையின் செந்நிறத்தில் நாளடைவில் கருமை படர்வதுண்டு. எந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினார்களோ அது கையில் தங்குவதில்லை.

எங்கே, எப்போது?

நீர்நிலை ஓரத்து நாணல், சம்பு, உயர்ந்த புல், கரும்புத் தோட்டம் ஆகியவை இதன் இருப்பிடங்கள். இரயில் பாதைக்கு மண் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கிச் சம்பு வளர்ந்திருக்கும். வீரம்காம் பகுதியில் டிராலியில் போன நாட்களில் அத்தகைய பள்ளங்களில்தான் இக்குருவிகளை நான் அதிகம் பார்த்தேன். அடுத்த முறை ரயிலில் போகும்போது ஜன்னலோரப் பிள்ளைகளை அந்தப் பள்ளங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நளசரோவரும் தோல் ஏரியும் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ளன. மழை ஓய்ந்த பிறகு, காலை வெயில் ஏறுவதற்கு முன் செல்வது உத்தமம். அந்தக் காலத்தில் ஆண்கள் செவ்வாடையில் இருக்கும், புல்லும் விதை முற்றியிருக்கும். கூடு, புதரில் தாழ்வாக, புல்லால் பின்னிய உருண்டை. பக்கவாட்டில் வாசல். கண்டால் தொடாமல் விலகிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. ஏப்ரல் மாதம். நாணல் ஓரத்தில் தவிட்டு நிறச் சிறு குருவி, அலகு கருமை. எழும்பிப் பறந்தபோது பிட்டத்தில் சிவப்பு தெரிந்தது. இது என்ன? ஆணா, பெண்ணா?

2. வேலிமுள்ளில் பத்துப் பன்னிரண்டு வெளிறிய குருவிகள். சாம்பல் அலகு, வெள்ளைப் பிட்டம், கூரிய கரிய வால். இவை என்ன?

3. கடைத்தெருவில் ஒரு கூண்டு. தலை முதல் வால் வரை பச்சை. காலிலும் பச்சை ஒட்டியிருக்கிறது. விலாவில் பட்டை இல்லை. என்ன சொல்வீர்கள்?

விடைகள்: முதலாவது சிவப்புச் சில்லை. ஆணா பெண்ணா என்று அந்த மாதத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது, 'தெரியாது' என்று எழுதுவதே சரியான விடை. இரண்டாவது வெண்தொண்டைச் சில்லை. மூன்றாவது சாயம் பூசிய ஏதோ ஒரு சாதாரணச் சில்லை. அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ரூபாய் வெளியே வருவதற்கு முன்பே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.